உரிமைக்கு ஒரு மூலை

போராடக் கூடாது என்று இப்போது எந்த அரசும் சொல்வதில்லை. 'இங்கே வேண்டாம், இன்று வேண்டாம்' என்றுதான் சொல்கிறது. விளைவு என்னவோ ஒன்றுதான்.

லடாக்கின் லே நகரிலிருந்து 2024 செப்டம்பர் 1ஆம் தேதி ஒரு பாதயாத்திரை கிளம்பியது. தனி மாநில அந்தஸ்து வேண்டும், அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு வேண்டும் என்பவை கோரிக்கைகள். தலைமை தாங்கியவர் கல்வியாளர் சோனம் வாங்சுக். மலை இறங்கி, இமாசலம், பஞ்சாப், ஹரியானா வழியாக வந்து, அக்டோபர் 2 அன்று காந்தி சமாதியில் யாத்திரையை முடிப்பது திட்டம். யாத்திரையில் முதியவர்களும் இருந்தார்கள். ஆயுதம் எதுவும் இல்லை. வழியில் எங்கும் கலவரம் இல்லை.

செப்டம்பர் 30 இரவு, தில்லி எல்லையான சிங்குவில் போலீஸார் அவர்களை மறித்தார்கள். சுமார் 150 பேர் பிடித்துவைக்கப்பட்டார்கள். அதே நாளில்தான் தலைநகரின் பல பகுதிகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது என்று ஆறு நாட்களுக்குத் தடை உத்தரவு வந்திருந்தது. அக்டோபர் 2 அன்று இரவு போலீஸ் காவலுடன் அவர்கள் ராஜ்காட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பிறகு ஜந்தர் மந்தரில் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார்கள். பத்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில் தில்லியில் உள்ள லடாக் பவனுக்குள் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். மத்திய உள்துறை அமைச்சகம் பேச்சுவார்த்தைக்குத் தேதி கொடுத்தபின் அக்டோபர் 21 அன்று அதை முடித்துக்கொண்டார்கள்.

இந்த மூன்று வாரங்களில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 'உங்களுக்குப் போராடும் உரிமை இல்லை' என்று ஒரு அதிகாரிகூடச் சொல்லவில்லை. எல்லையில் வேண்டாம் என்றார்கள். ஜந்தர் மந்தரில் இப்போது முடியாது என்றார்கள். விண்ணப்பம் தாமதம் என்றார்கள். ஒவ்வொரு பதிலும் தனித்தனியே பார்த்தால் சாதாரண நிர்வாகக் காரணம். சேர்த்துப் பார்த்தால், ஒரு மாதம் நடந்து வந்தவர்களுக்குத் தலைநகரில் நிற்க ஓர் இடம் இல்லை.

இன்றைய இந்தியாவில் குடிமக்களின் சுதந்திரம் சுருங்கும் விதம் இதுதான். 1975 ஜூன் 25 இரவு இந்திரா காந்தி அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது, அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் வழி அடைபட்டது. கொடுமை என்றாலும் அதில் ஒரு வெளிப்படைத்தன்மை இருந்தது. எதை இழந்தோம் என்று மக்களுக்குத் தெரிந்தது. அதனால்தான் 1977இல் வாக்குச்சீட்டில் பதில் சொன்னார்கள். இன்று எந்த அறிவிப்பும் இல்லை. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் பத்திரமாக இருக்கிறது. அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

தில்லியின் வரைபடத்திலேயே இந்த இடமாற்றத்தைப் பார்க்கலாம். 1988 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலிருந்து மகேந்திர சிங் டிக்காயத் தலைமையில் லட்சக்கணக்கான விவசாயிகள் டிராக்டர்களிலும் மாட்டு வண்டிகளிலும் வந்து போட் கிளப் புல்வெளியை நிறைத்தார்கள். விஜய் சவுக்கிலிருந்து இந்தியா கேட் வரை மனிதத் தலைகள். ஒரு வாரம் அங்கேயே சமைத்தார்கள், ஹூக்கா பிடித்தார்கள், படுத்துத் தூங்கினார்கள். நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். கரும்பு விலையும் மின்கட்டணமும் பற்றிய அவர்கள் பேச்சு அதிகாரிகளின் ஜன்னல் வழியே உள்ளே போனது. ராஜீவ் காந்தி அரசு இறங்கி வர வேண்டியிருந்தது.

1993இல், நரசிம்ம ராவ் ஆட்சியில், போட் கிளப்பின் கதவு அடைபட்டது. அயோத்திக்குப் பிந்தைய பதற்றமான காலம் அது. போராட்டங்களுக்கு ஜந்தர் மந்தர் சாலை ஒதுக்கப்பட்டது. அகன்ற புல்வெளியிலிருந்து ஒரு சாலை ஓரத்துக்கு வந்தாயிற்று. ஆனாலும் நாடாளுமன்றம் நடந்து போகும் தூரம்தான் என்பதால் நாடு அதை ஏற்றுக்கொண்டது. போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்டவர்களும் நர்மதை அணையால் ஊரிழந்தவர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளுடன் 41 நாட்கள் அங்கேதான் கிடந்தார்கள். வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் கேட்ட அவர்களைப் பிரதமர் சந்திக்கவில்லை. ஆனால், நாட்டின் கேமராக்கள் சந்தித்தன. காவிரி டெல்டாவின் வறட்சியை வட இந்தியா அறிந்தது அந்தச் சாலை ஓரத்தால்தான்.

அந்த ஆண்டு அக்டோபரிலேயே, அங்கு குடியிருப்பவர்களின் புகாரை ஏற்று, ஒலி மாசு காரணமாக ஜந்தர் மந்தரில் போராட்டங்களை நிறுத்தும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ராம்லீலா மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள். 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடுத்த வழக்கில், ஜந்தர் மந்தரிலும் போட் கிளப்பிலும் முழுத் தடை விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. குடியிருப்பவர்களின் நிம்மதிக்கும் போராடுபவர்களின் உரிமைக்கும் இடையே சமநிலை காணும் விதிகளைப் போலீஸ் வகுக்கட்டும் என்றது. விதிகள் வந்தன. முன்கூட்டியே விண்ணப்பம், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, பகல் நேரம் மட்டும். தீர்ப்பில் வென்ற உரிமை, விதிகளில் அலுவலக நேரத்து உரிமையாகிவிட்டது. லடாக்காரர்களுக்குக் கிடைத்த 'பத்து நாள்' பதில் இந்த விதிகளிலிருந்து வந்ததுதான்.

அடுத்து தலைநகரின் எல்லை வந்தது. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பரில் புறப்பட்ட பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் சிங்கு, டிக்ரி எல்லைகளில் நிறுத்தப்பட்டார்கள். தண்ணீர் பீரங்கியும் கண்ணீர்ப்புகைக் குண்டும் வரவேற்றன. 2021 குடியரசு தின டிராக்டர் பேரணியில் ஒரு பகுதியினர் செங்கோட்டைக்குள் புகுந்து வன்முறை நடந்த பிறகு, சாலைகளில் கான்கிரீட் தடுப்புகள் எழுந்தன. தார்ச்சாலையில் ஆணிகள் பதிக்கப்பட்டன. அந்த ஜூலையில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரின்போது ஜந்தர் மந்தரில் கூட ஒருவழியாக அனுமதி கிடைத்தது. நாளொன்றுக்கு 200 பேர். போலீஸ் பாதுகாப்புடன் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பிவிட வேண்டும். லட்சம் பேர் உட்கார்ந்த ஊரில் 200 பேருக்கு டோக்கன். அந்தச் சட்டங்கள் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன என்பது வேறு விஷயம். ஓராண்டுக்கு மேல் வெயிலிலும் பனியிலும் கிடக்க முடிந்தவர்களுக்குத்தான் அந்த வெற்றி சாத்தியமாயிற்று.

2024 பிப்ரவரியில் விவசாயிகள் மீண்டும் கிளம்பியபோது எல்லை இன்னும் பின்னால் போயிருந்தது. தில்லிக்கு 200 கிலோமீட்டர் தள்ளி, பஞ்சாபும் ஹரியானாவும் சந்திக்கும் ஷம்பு, கனௌரி ஆகிய இடங்களிலேயே தேசிய நெடுஞ்சாலையில் சுவர் எழுப்பிவிட்டது ஹரியானா அரசு. டிரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழுந்தன. ஹரியானாவின் ஏழு மாவட்டங்களில் மொபைல் இணையம் நின்றது. கனௌரியில் ஓர் இளம் விவசாயி உயிரிழந்தார். போராட்டத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 1988இல் இருந்த ஒரு புல்வெளித் தூரம், 36 ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் அகலமாகிவிட்டது.

இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். 2011 ஜூனில் ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் ஆதரவாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது நள்ளிரவில் போலீஸை அனுப்பியது காங்கிரஸ் தலைமையிலான அரசு. அப்போதும் கையில் இருந்தது 144 தடை உத்தரவுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதத்துக்கு அனுமதி கேட்டபோது, மூன்று நாட்களுக்கு மேல் கூடாது, ஐயாயிரம் பேருக்கு மேல் கூடாது என்று நிபந்தனை போட்டு, ஏற்க மறுத்ததும் உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே கைது செய்து திகாருக்கு அனுப்பியதும் அதே அரசு. அன்று எதிர்க்கட்சி வரிசையில் இருந்து இதைக் கண்டித்த பா.ஜ.க.வின் ஆட்சியில்தான் 2023 மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அதை நோக்கி நடக்க முயன்ற மல்யுத்த வீராங்கனைகள் சாலையில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் ஜந்தர் மந்தரில் போட்டிருந்த கூடாரமும் அன்றே அகற்றப்பட்டது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களுக்கே இந்த கதி.

ஷம்பு, கனௌரி முகாம்கள் 2025 மார்ச் 19 அன்று கலைக்கப்பட்டன. கலைத்தது ஹரியானா போலீஸ் அல்ல. விவசாயிகளின் தோழன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆம் ஆத்மி கட்சி ஆளும் பஞ்சாபின் போலீஸ். மத்திய அமைச்சர்களுடன் சண்டிகரில் பேசிவிட்டுத் திரும்பிய விவசாயத் தலைவர்களை வழியிலேயே பிடித்துவிட்டுத்தான் முகாம்களில் கை வைத்தார்கள். ஆம் ஆத்மி கட்சி பிறந்ததே ஒரு மைதானப் போராட்டத்தில் என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை.

தமிழகமும் விதிவிலக்கல்ல. சென்னை நகரப் போலீஸ் சட்டம் 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 41ஆவது பிரிவின்கீழ் ஊர்வலத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் கமிஷனர் விதிக்கும் தடை 15 நாட்களுக்குத்தான் செல்லும். 15 நாள் முடிந்ததும் இன்னொரு 15 நாள். தற்காலிக உத்தரவு ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கலைஞர் ஆட்சியிலும் ஓடியது, ஜெயலலிதா ஆட்சியிலும் ஓடியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடியதை உலகமே பாராட்டியது. அதற்குப் பிறகு மெரினா மணலில் போராட்டம் என்றாலே அரசுக்கு அலர்ஜி. காவிரிப் பிரச்சினைக்காக அங்கே உண்ணாவிரதம் இருக்க அய்யாக்கண்ணு 2018இல் நீதிமன்றம் போனார். தனி நீதிபதி ஒரு நாள் அனுமதித்தார். அரசு மேல்முறையீடு செய்து அதையும் தடுத்தது. 2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். அது போராட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடமல்ல என்றது உயர் நீதிமன்றம். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. ஆட்சியில் இருந்தது தி.மு.க. மாநகராட்சியை நோக்கிக் கேட்க வேண்டியதை மாநகராட்சியின் வாசலில் கேட்கக் கூடாது என்றால், வேறு எங்கே கேட்பது?

இந்தக் கேள்விக்கு மிகக் கொடூரமான பதில் தூத்துக்குடியில் கிடைத்தது. ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின் 100ஆவது நாள் 2018 மே 22. கலெக்டர் அலுவலகம் நோக்கிப் பேரணி என்று மக்கள் அறிவித்திருந்தார்கள். நிர்வாகம் ஒரு பள்ளி மைதானத்தில் கூடச் சொல்லிவிட்டு, கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றி 144 தடை போட்டது. மக்கள் மைதானத்தை ஏற்கவில்லை, கலெக்டரிடமே போனார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாளிலிருந்து தென்கோடியின் மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. பின்னர் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் மீதும் அன்றைய மாவட்ட நிர்வாகத்தின் மீதும் குற்றம் கண்டது. அதன் அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கட்சிகள் மாறினாலும் கருவி மாறாததற்குக் காரணம் உண்டு. 144 என்பது வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற சொத்து. 1857 கலகத்துக்குப் பிறகு எழுதப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டங்களின் வாரிசு. உப்பு எடுக்கப் போனவர்கள்மீதும் கதர் விற்றவர்கள்மீதும் பாய்ந்த இந்தப் பிரிவை, விடுதலைக்குப் பிறகு வந்தவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1973இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டபோது எண்கூட மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் எண் 163 ஆகியிருக்கிறது, உள்ளடக்கம் அதேதான். காலனிச் சின்னங்களைக் களைகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த சட்டம் இது. கூடவே வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அரசு ஊழியரின் உத்தரவை மீறுவதற்கான அதிகபட்சச் சிறைத் தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதமாகவும், உயிருக்கு ஆபத்து, கலவரம் போன்ற விளைவு இருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகவும் உயர்ந்திருக்கிறது. காலனியைக் களைந்ததில் தண்டனை குறைந்தது இரட்டிப்பு.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை என்பது உண்மை. பொது வீதிகள் எல்லாவற்றிலும் கூட்டம் போடுவதை அரசு ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்று ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சட்ட அமர்வு 1972இலேயே சொல்லிவிட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் முதல் இருந்த கட்டுப்பாடுகள் பற்றிய அனுராதா பாசின் வழக்கில், 2020 ஜனவரியில், தடை உத்தரவுகளை வெளியிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், நியாயமான கருத்து வெளிப்பாட்டை ஒடுக்க 144ஐப் பயன்படுத்தக் கூடாது, திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று வரையறுத்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் ஷாஹீன் பாக் தீர்ப்பில், எதிர்ப்பைக் காட்டுவது ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இருக்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. போலீஸ் அதிகாரிகள் எந்தத் தீர்ப்பை மேஜைமீது வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

நல்ல தீர்ப்புகளுக்கும் ஒரு குறை உண்டு. அவை தாமதமாக வருகின்றன. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2019 டிசம்பர் 19 அன்று பெங்களூரில் ஆர்ப்பாட்டம் நடத்த ஏற்பாடு. முந்தைய நாள் 144 தடை வந்தது. டவுன் ஹால் முன்பு கையில் அட்டையுடன் நின்ற வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவைப் போலீஸ் இழுத்துச் சென்றதை நாடே டிவியில் பார்த்தது. அந்தத் தடை உத்தரவு சட்டவிரோதம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020 பிப்ரவரியில். குடிமக்கள் வழக்கில் வென்றார்கள். ஆனால் டிசம்பர் 19 திரும்பி வரவில்லை. சட்டவிரோத உத்தரவு தன் வேலையை முடித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் ரத்தாயிற்று. கூட்டம் போடும் உரிமை நிலத்தைப் போன்றதல்ல, பிறகு மீட்டுக்கொள்ள. அது பால் மாதிரி. அன்றைக்கே பயன்படாவிட்டால் கெட்டுவிடும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். சாலையை மறித்தால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? வாரக்கணக்கில் ஒலிபெருக்கி அலறினால் பக்கத்துக் குடியிருப்பில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? நெடுஞ்சாலை அடைபட்டால் லாரிக்காரரும் கடைக்காரரும் அழ வேண்டாமா? எல்லாம் நியாயமான கேள்விகள். போராட்டக்காரர்களில் சிலர் பஸ்ஸை எரித்த நாட்களும் உண்டு. எரித்தவர்மீது வழக்குப் போட யாரும் தடையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷம்புவில் நெடுஞ்சாலையின் குறுக்கே முதலில் சுவர் எழுப்பியது விவசாயிகள் அல்ல, அரசு. ஒரு வாரத்தில் தடுப்புகளை அகற்றும்படி 2024 ஜூலையில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது ஹரியானா அரசுக்குத்தான். அரசு மேல்முறையீட்டுக்குப் போயிற்று, தடுப்புகள் நின்றன. மாநில அரசு ஒரு நெடுஞ்சாலையை எப்படி அடைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. பொதுமக்களின் சிரமத்தைப் பற்றிக் கவலைப்படும் அரசு, தானே அந்தச் சிரமத்தை உண்டாக்கத் தயங்குவதில்லை. தேர்தல் ஊர்வலத்துக்கும் தலைவர் வருகைக்கும் மணிக்கணக்கில் நிற்கும் வாகனங்களைப் பற்றி யாரும் தீர்ப்பாயத்துக்குப் போவதில்லை.

இடம் மாறினால் என்ன, குரல் கேட்டால் போதாதா என்றும் கேட்கலாம். போதாது. பணம் இருப்பவனுக்குப் பத்திரிகையில் விளம்பரம் இருக்கிறது. தொழிலதிபருக்கு அமைச்சரின் அறை இருக்கிறது. சங்கம் வைத்திருப்பவனுக்கு எம்.பி. இருக்கிறார். எதுவும் இல்லாதவனிடம் இருப்பது அவனுடைய உடம்புதான். அந்த உடம்பைக் கொண்டுபோய், தன் தலைவிதியைத் தீர்மானிப்பவரின் கண் முன்னால் நிறுத்துவதுதான் போராட்டம். யாரும் பார்க்காத மைதானத்தில், மாலை ஐந்து மணி வரை, எண்ணி விடப்பட்ட பேர் நின்றால் அது வருகைப் பதிவேடு. அங்கே கோஷம் எழும். கேட்கப்போவது காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் மட்டும்தான். அவருக்கும் அதே விலைவாசி, அதே பள்ளிக் கட்டணம். ஆனால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

கதவு அடைபட்டால் கோபம் ஆவியாகிவிடாது என்பதும் ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லடாக்கையே பார்க்கலாம். 2024இல் தில்லியில் காந்தியின் பிறந்த நாளுக்கு நடந்து வந்தவர்கள், ஓராண்டு கழித்தும் அதே கோரிக்கைகளுடன் லேயில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2025 செப்டம்பர் 24 அன்று அங்கே வன்முறை வெடித்தது. பா.ஜ.க. அலுவலகம் எரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு நாட்களில் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி, ராஜஸ்தானின் ஜோத்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர்தான் தூண்டினார் என்றது அரசு. அவர் தரப்பு மறுத்தது. எது எப்படியானாலும், நடந்து வந்த ஆண்டில் ஜந்தர் மந்தரில் ஒரு பாய் விரிக்க விட்டிருந்தால் அரசுக்கு என்ன நஷ்டம் ஆகியிருக்கும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

பரிகாரம் கண்டுபிடிக்க முடியாத ஒன்றல்ல. கூட்டத்துக்கான விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்று காலவரம்பு வைக்கலாம். பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கூட்ட நாளுக்கு முன்பே நீதிபதி ஒருவர் அதைப் பரிசீலிக்க வழி வேண்டும். எல்லாத் தடை உத்தரவுகளையும் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருப்பதை நிறைவேற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஒதுக்கப்பட்ட இடம் என்று ஒன்று இருந்துதான் ஆக வேண்டுமென்றால், அது அதிகாரத்தின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சட்டவிரோதத் தடை போட்ட அதிகாரி பின்னர் ஒரு விளக்கமாவது தர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய அரசியல் சட்டம் தேவையில்லை. தேவைப்படுவது, ஆட்சியில் இருக்கும்போதே எதிர்க்கட்சியில் இருந்த நாட்களை நினைத்துப் பார்க்கும் ஒரு கட்சி.

அப்படி ஒரு கட்சி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு பெங்களூரிலேயே சான்று இருக்கிறது. 1975 ஜூன் 26 அன்று அந்த நகரில் கைதான அடல் பிகாரி வாஜ்பாயியும் எல்.கே. அத்வானியும் அங்குள்ள மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். பின்னாளில் சிறை ஊருக்கு வெளியே போயிற்று. பழைய வளாகம் பூங்காவாகி 2008இல் திறக்கப்பட்டது. காவல் கோபுரமும் கொட்டடிகளும் அப்படியே நிற்கின்றன. பெயர் ஃபிரீடம் பார்க், சுதந்திரப் பூங்கா. அத்வானியின் கட்சி கர்நாடகத்தை ஆண்டபோது, 2022 ஜனவரியில், பெங்களூரில் இனி எந்தப் போராட்டமும் ஃபிரீடம் பார்க்கில் மட்டும்தான் என்று ஆணை அமலானது. 2023இல் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ் அரசு அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தது.

நெருக்கடி நிலையில் அரசை எதிர்த்தவர்களைக் கொண்டுபோய் அடைத்த வளாகம் அது. இப்போது அரசை எதிர்ப்பவர்கள் தாங்களே விண்ணப்பம் எழுதி, அனுமதி வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போகிறார்கள். சாயங்காலம் வெளியே விட்டுவிடுகிறார்கள்.